நூற்று நாற்பத்து மூன்று

என் தாளில் பெரும்பாலும் ஒன்றும் இல்லை.
மூன்றாம் பகுதியில், தடித்த கோட்டின் மேல்
143 என்றொரு எண்.
அத்தனை கட்டங்கள் சும்மா இருக்க வேண்டும்,
பிறகு ஒரே ஓர் அடி.
அதற்குத்தான் எனக்கு இரண்டு ஃபுளோரின்.

மற்ற நாட்களில் தோல் பதனிடுகிறவன்.
போனிபாஸ் டிராக்ஸ்லர், ஆற்றோரத் தெரு;
வழி கேட்க வேண்டாம், நாற்றத்தைப் பிடித்துக்கொண்டே வரலாம்.
இந்த இரண்டு செம்பு முரசும் போர்த்தியிருப்பது
நான் உரித்த கன்றுகளை.
மெழுகுப் புகை, எண்பது பேரின் மூச்சு, நனைந்த கம்பளிக் கோட்டுகள்:
தோல் ஈரம் குடித்தால் சுருதி இறங்கும்.
குனிந்து காதை வைத்துத் திருகைத் திருப்புவேன்,
காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் நெஞ்சில் காது வைப்பதுபோல.

செத்தவர் ஆலை முதலாளி.
நவம்பரில், கட்டிலில், எண்பத்தொரு வயதில்,
பக்கத்தில் இரண்டு மருத்துவர்கள்.
விதவை பணம் தந்தாள். இசைத் தலைவர் வோண்ட்ரஷ்
ஐந்து மாதம் தூங்காமல் எழுதினார்.
மூன்று டிராம்போன். ப்ராக்கிலிருந்து வாடகைக்கு ஒரு ஹார்ப்,
அதற்குத் தனி வண்டி.
பாட வந்த பெண்களில் பாதிப்பேர் அவருடைய ஆலையில் நிற்கிறவர்கள்.
நகக்கண்ணில் சாயநீலம் போகாமலே
நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும் என்றார்கள்.
இவர் அவர்களுக்கு அளித்தது ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்.

அதற்கு முந்தைய பிப்ரவரியில்
சாயக்கூடத்துக் கொதிகலன் வெடித்தது.
பதினொரு பேர்.
ஒரே குழி, ஒரே குருவானவர்,
பனி கொட்டத் தொடங்கியதால் ஜெபம் சுருக்கமாக.
துக்கமணியும் நண்பகல் மணியோடு கலந்துவிட்டது.

சும்மா இருப்பது லேசான வேலை இல்லை.
சினத்தின் நாள் என்று ஆண்குரல்கள் முழங்கின.
எக்காளம் ஊதியது, கல்லறைகள் திறந்தன,
எல்லாம் எழுதிய புத்தகம் கொண்டுவரப்பட்டது.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
நூற்று முப்பத்திரண்டில் வயலின்கள் மெலிந்தன.
மிச்சம் பதினொன்று.

யோசித்துச் செய்யவில்லை.
கட்டத்துக்கு ஒருவராக எண்ணினேன்.
யோஸெஃபா. கிழட்டு லீன்ஹார்ட். மிஹால்.
மிஹாலின் மைத்துனன் டோபியாஸ், எனக்கு ஆறு க்ராய்ட்சர் பாக்கி.
வெரோனிகா. வெரோனிகாவின் அக்கா.
ரூபர்ட் ஒருவன், இன்னொரு ரூபர்ட்.
உச்சக்குரலில் பாட ஆசைப்பட்ட ஒட்டிலி.
என் தம்பி ஸெவெரின்.

கை உயர்ந்துவிட்டது.

வயலின்கள் நின்று
எண்பது பேரும் மூச்சிழுத்த அந்த வெறும் கட்டத்தில்
ஒரு கட்டம் முன்னதாக, தன்னந்தனியாக
விழுந்தது என் அடி.
முன்வரிசையில் கறுப்பு முக்காடு திரும்பியது.
வோண்ட்ரஷின் கோல் காற்றில் ஒரு கணம் தொங்கியது.
பிறகு இடி, நான் இல்லாமலே.

அபராதம் இருபது க்ராய்ட்சர்.

இலையுதிர்காலத்தில் வியன்னாவில் அச்சானது.
அந்த அடி அங்கேயே இருக்கிறது, நூற்று நாற்பத்து மூன்றில்.
மரணம் நேரம் பார்த்து வருவதில்லை என்பதை
இதைவிடத் துணிவாக யாரும் சொன்னதில்லை என்று
ஒரு பத்திரிகைக்காரர் எழுதினார்.
வோண்ட்ரஷ் ஒன்றும் பேசவில்லை.
இருபது க்ராய்ட்சரும் திரும்பி வரவில்லை.

அன்றிரவு பாலத்தில்தான் விரல் விட்டுப் பார்த்தேன்.
பத்து.
விபத்துக்கு மூன்று நாள் முன் மலைப்பக்கத்திலிருந்து வந்த சிறுமி.
ஆலைப் பேரேட்டில்: உதவிக்கு ஒரு பெண், கூலி பாதி.
கணக்கரைக் கேட்டேன். மலைச் சாராயக்கடையில் கேட்டேன்.
தலைமுடி செம்பட்டை என்றார் ஒருவர்.
இல்லை, அது வேறு யாரோ என்றார் இன்னொருவர்.

இப்போது ஊர் ஊராக அழைக்கிறார்கள்,
அந்த அடி தெரிந்த கை வேண்டுமாம்.
போகிறேன். எண்களை முடித்துப்
பத்துப் பெயர்களைச் சொல்லிக்கொண்டு
பதினோராவது கட்டத்தில் அடிக்கிறேன்.

அடித்ததும் உள்ளங்கை வைத்து அடக்கு
என்று அச்சில் இருக்கிறது.
கொஞ்சம் தாமதிக்கிறேன்.